முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பின்: வீரர்கள் களத்துக்குத் திரும்புவது எப்போது, எப்படி?

சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் 2024 செப்டம்பர் 21 அன்று வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில் ரிஷப் பந்த் 109 ரன்கள் குவித்தார். டெஸ்ட் கிரிக்கெட்டில் அது அவரது 6-ஆவது சதம். அதன்மூலம் இந்திய விக்கெட் கீப்பர்களில் அதிக டெஸ்ட் சதங்கள் அடித்த மகேந்திர சிங் தோனியின் சாதனையை அவர் சமன் செய்தார். எனினும், அந்தச் சதம் நினைவில் நிற்பது அந்தக் கணக்கினால் மட்டுமன்று. 2022 டிசம்பர் 30 அதிகாலை உத்தரகண்ட் மாநிலம் ரூர்க்கி அருகே நேரிட்ட கார் விபத்தில் அவரது வலது முழங்கால் மூட்டு விலகி, அதைத் தாங்கி நின்ற தசைநார்கள் கிழிந்தன. அதன் பின்னர் அவர் ஆடிய முதல் டெஸ்ட் போட்டி அதுவே.

அதே மைதானத்தில் அதற்கு 11 மாதங்களுக்கு முன்பு இன்னொரு மறுவருகை நிகழ்ந்தது. 2023 ஐபிஎல் தொடரின் முதல் ஆட்டத்தில், அகமதாபாதில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு எதிராக எல்லைக் கோட்டருகே பந்தைத் தடுக்கத் தாவிய நியூஸிலாந்து கேப்டன் கேன் வில்லியம்சன், வலது காலில் தவறாக இறங்கினார். முழங்கால் தசைநார் அறுந்தது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், அக்டோபர் 13 அன்று சேப்பாக்கத்தில் நடைபெற்ற உலகக் கோப்பை ஆட்டத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 78 ரன்கள் எடுத்தார். அன்றும் அவரால் முழுமையாக ஆட இயலவில்லை. ஓடும்போது ஃபீல்டர் எறிந்த பந்து பட்டுக் கட்டை விரல் முறிந்து வெளியேறினார். முழங்கால் மட்டும் தாக்குப்பிடித்தது.

வில்லியம்சனுக்கு ஆறரை மாதங்கள். பந்த் போட்டிக் கிரிக்கெட்டுக்குத் திரும்ப ஏறத்தாழ 15 மாதங்கள். ஒரே உறுப்புக்கு நேர்ந்த காயத்தில் இத்தனை வேறுபாடு ஏன் என்பதும், எந்தக் கட்டத்தில் ஒரு வீரரைக் களமிறக்கலாம் என்பதும் இந்திய விளையாட்டு உலகில் அடிக்கடி எழும் கேள்விகள். கபடி, மல்யுத்தம், கால்பந்து, கூடைப்பந்து, பாட்மின்டன் என ஓடித் திரும்பும் விளையாட்டுகள் அனைத்திலும் இந்தக் காயம் உண்டு.

எது அறுபடுகிறது?

தொடை எலும்பும் கணுக்கால் வரை நீளும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், மூட்டின் நடுவே இரு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. முன்னால் இருப்பது முன்புறச் சிலுவைத் தசைநார். மருத்துவர்களும் வீரர்களும் இதை ஏசிஎல் என்றே சுருக்கமாக அழைக்கின்றனர். சுமார் 3 செ.மீ. நீளமே உள்ள இந்த நார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் காக்கிறது. நேராக நடப்பதற்கு இதன் தேவை குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டெனத் திசை மாற்றுவதற்கும், துள்ளி இறங்குவதற்கும், ஒற்றைக் காலில் சுழல்வதற்கும் இது இன்றியமையாதது. ஏசிஎல் அறுந்த ஒருவர் சில வாரங்களில் கடைவீதிக்கு நடந்து செல்ல முடிவதும், அதே நபர் ஆடுகளத்தில் ஒரு திருப்பத்தில் நிலைகுலைந்து விழுவதும் இதனால்தான்.

பெரும்பாலான ஏசிஎல் காயங்கள் எதிராளி மோதாமலேயே நேரிடுகின்றன. கால் தரையில் ஊன்றிய நிலையில் முழங்கால் உள்நோக்கிச் சரிய, உடல் வேறு திசையில் திரும்ப, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நார் அறுந்துவிடுகிறது. 'டப்' என்ற ஓசை கேட்டதாகப் பல வீரர்கள் கூறுவர். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும். கபடியில் நிலைமை சற்று வேறு. ரெய்டு செல்லும் வீரரின் ஒரு கால் எதிரணியின் பிடியில் சிக்கியிருக்க, அவர் நடுக்கோட்டை நோக்கி உடலைத் திருகும்போது முழு விசையும் அந்த ஒரு முழங்காலில் இறங்குகிறது.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகமாக ஏற்படுவது நெடுங்காலமாகப் பதிவாகி வருகிறது. இடுப்பெலும்பு அமைப்பு, ஹார்மோன் மாற்றங்கள், தரையிறங்கும் முறை எனக் காரணங்கள் பல முன்வைக்கப்படுகின்றன. சிறுமிகளுக்கு உரிய வயதில் முறையான உடல்வலிமைப் பயிற்சி கிடைக்காததும் அவற்றுள் ஒன்று. இடுப்பெலும்பு அமைப்பை மாற்ற இயலாது. தரையிறங்கும் முறையையும் பயிற்சிக் குறையையும் மாற்ற இயலும் என்பதால் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமா?

இல்லை. மூட்டுத் திரவத்தால் சூழப்பட்ட ஏசிஎல், அறுந்த பின் பெரும்பாலும் தானாக ஒன்று சேர்வதில்லை. ஆயினும், தசைகளை வலுப்படுத்தி அந்தக் குறையை ஈடுகட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஸ்வீடனில் 121 இளம் வயதினரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி சிகிச்சை, தேவைப்பட்டால் பின்னர் அறுவை சிகிச்சை என்ற பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டு ஆண்டுகள் வரை அறுவை சிகிச்சை இன்றியே சமாளித்தனர். ஆனால் அந்த ஆய்வில் தொழில்முறை வீரர்கள் இடம்பெறவில்லை. திசைமாற்றமும் திருகலும் மிகுந்த விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அறுவை சிகிச்சையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நிலையற்ற மூட்டுடன் தொடர்ந்து ஆடினால், அதிர்வைத் தாங்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் கிழியும் அபாயம் இருப்பது அதற்கு முக்கியக் காரணம்.

அறுந்த நாரைத் தைத்து இணைப்பது இந்த அறுவை சிகிச்சையின் நோக்கம் அன்று. நோயாளியின் உடலிலிருந்தே வேறொரு தசைநாணை எடுத்து, ஆர்த்ரோஸ்கோப்பி முறையில் எலும்புகளில் துளையிட்டுப் பொருத்துகின்றனர். தொடைப் பின்தசையின் நாண், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாண், தொடை முன்தசையின் நாண் ஆகிய மூன்றும் வழக்கத்தில் உள்ளன. எங்கிருந்து எடுத்தாலும் அந்த இடம் பலவீனமடையும். பின்தசை நாணை இழந்த ஓட்டப்பந்தய வீரருக்கு வேகமெடுப்பதில் சிரமம் இருக்கலாம். சில்லு நாணை இழந்தவருக்கு மண்டியிடும்போது வலிக்கலாம். மல்யுத்த வீரருக்கு அது சிறிய சிக்கல் அன்று. ஆகவே, எந்த நாண் என்பதை விளையாட்டைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

மீண்டும் அறுபடும் அபாயம் அதிகமுள்ள இளம் வீரர்களுக்கு, முழங்காலின் வெளிப்புறத்தில் கூடுதலாக ஒரு பிணைப்பை ஏற்படுத்தும் முறை அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. 618 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், இவ்வாறு செய்யப்பட்டவர்களில் 4 சதவீதத்தினருக்கும், செய்யப்படாதவர்களில் 11 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் புதிய நார் அறுந்தது.

வலி நின்ற பின்னரே ஆபத்து

புதிதாகப் பொருத்தப்பட்ட நாணுக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. அதன் செல்கள் மடிந்து, பின்னர் புதிய ரத்த நாளங்கள் வளர்ந்து, மெல்ல மெல்ல அது தசைநாரின் இயல்பைப் பெறுகிறது. இந்த மாற்றம் மாதக்கணக்கில் நீடிப்பது. இதில் புரிந்துகொள்ள வேண்டிய முரண் ஒன்று உள்ளது. அறுவை சிகிச்சை நாளில் உறுதியாக இருக்கும் நாண், அடுத்த சில வாரங்களில் வலுவிழந்து, இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் மிகவும் பலவீனமான நிலையில் இருக்கும். வீரருக்கு வலி நின்று, வீக்கம் வடிந்து, 'சரியாகிவிட்டது' என்று தோன்றுவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். ஊருக்குத் திரும்பிய வீரர், நண்பர்கள் அழைக்கும் உள்ளூர்ப் போட்டியில் 'சும்மா' ஆடிப் பார்த்து மீண்டும் அறுவை அரங்குக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே.

மறுவாழ்வுப் பயிற்சி அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். வீக்கம் வடிந்து, காலை முழுமையாக நீட்ட முடிந்த பின் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு மூட்டு இறுக்கம் குறைவாக இருக்கும். அதன் பின்னர் முதல் இரண்டு வாரங்களின் இலக்கு மிக எளியது போலத் தோன்றும்: காலை முழுமையாக நீட்டுவது, தொடை முன்தசையைச் சுருங்கச் செய்வது. ஆனால், காயம்பட்ட மூட்டு அந்தத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளையையே தடுத்துவிடுவதால், ஒலிம்பிக் வீரரும் தன் தொடைத் தசையை அசைக்கத் திணறுவதை இயன்முறை மருத்துவர்கள் அன்றாடம் காண்கின்றனர். தொடை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். அதை மீட்க மாதங்கள் பிடிக்கும்.

சிக்கலின்றி முன்னேறினால் மூன்று, நான்கு மாதங்களில் நேர்க்கோட்டு ஓட்டம், ஐந்து, ஆறு மாதங்களில் திசைமாற்றமும் தாவலும், பின்னர் மோதலற்ற அணிப் பயிற்சி, அதன் பின் முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. மெனிஸ்கஸ் தைக்கப்பட்டிருந்தால் தொடக்க வாரங்களில் காலை ஊன்றுவதற்கே கட்டுப்பாடு இருக்கும். கால அளவும் நீளும். பந்துக்கு நேர்ந்தது போல ஒன்றுக்கு மேற்பட்ட தசைநார்கள் கிழிந்தவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தவே பொருந்தாது.

ஒன்பது மாதங்கள் என்ற கணக்கு

இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் 'ஒன்பது மாத' விதிக்கு 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று அடிப்படை. அமெரிக்காவின் டெலவேரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் 106 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்த அந்த ஆய்வில், களம் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைந்தது. ஒன்பது மாதங்களைக் கடந்த பின் காத்திருப்பதால் கூடுதல் பயன் தென்படவில்லை. அதைவிட முக்கியமானது, உடல்திறன் சோதனைகளில் தேறாமலேயே களமிறங்கியவர்களில் 38 சதவீதத்தினருக்கு மீண்டும் முழங்கால் காயம் ஏற்பட்டதும், தேறியவர்களில் அது 5.6 சதவீதமாக இருந்ததும்.

அந்தச் சோதனைகள் என்னென்ன? இரு தொடைகளின் தசை வலிமையைக் கருவி மூலம் அளப்பர். ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ச்சியாக மூன்று தாவல், கோட்டைக் குறுக்கே கடந்து தாவல், 6 மீட்டர் தூரத்தை ஒற்றைக் காலில் தாவிக் கடக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்வர். காயமடைந்த கால், மற்ற காலின் திறனில் குறைந்தது 90 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. இதில் ஒரு பொறியும் உண்டு. பல மாதங்கள் ஓடாமல் இருந்த வீரரின் மற்றொரு காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் என்று சான்றளிப்பது தவறான நம்பிக்கையைத் தரும். காயத்துக்கு முந்தைய அளவீடுகள் கையில் இருந்தால் அவற்றோடு ஒப்பிடுவதே சரி. நம் மாநில அணிகளில் அவ்வாறு அளந்து வைக்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

மனநிலையும் அளக்கப்படுகிறது. மீண்டும் காயம் நேருமோ என்ற அச்சம், காலின் மீதான நம்பிக்கை, தயக்கம் ஆகியவற்றைக் கேட்டறியும் 12 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டு 2008 முதல் பயன்பாட்டில் உள்ளது. உடல் தேறிய பின்னும் விளையாட்டைக் கைவிடுபவர்கள் கூறும் காரணங்களில் மறுகாய அச்சம் முன்வரிசையில் நிற்கிறது. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கும் பயிற்சியாளர்கள், தயங்கித் தயங்கித் தரையிறங்கும் காலே எளிதில் காயப்படும் என்பதை உணர வேண்டும்.

எத்தனை பேர் திரும்புகின்றனர்?

69 ஆய்வுகளில் இடம்பெற்ற 7,556 பேரின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வின்படி, அறுவை சிகிச்சைக்குப் பின் 81 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். காயத்துக்கு முந்தைய நிலையை எட்டியவர்கள் 65 சதவீதம். போட்டி அளவில் மீண்டும் ஆடியவர்கள் 55 சதவீதம் மட்டுமே. உயர்நிலை வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் திரும்புவோர் விகிதம் 83 சதவீதம் என 2018-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு தெரிவிக்கிறது. இந்த இடைவெளிக்குத் திறமை மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. உயர்நிலை வீரருக்கு அன்றாடம் இயன்முறை மருத்துவர் உடனிருக்கிறார், ஊதியம் நிற்பதில்லை.

மறுகாயம் இளையோரையே அதிகம் தாக்குகிறது. 25 வயதுக்கு உட்பட்டு மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதத்தினருக்கு அதே காலிலோ மற்ற காலிலோ இரண்டாவது ஏசிஎல் காயம் ஏற்பட்டதாக 2016-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்.

திரும்பியவர்களின் கதைகள்

இந்திய மகளிர் அணியின் ஸ்மிருதி மந்தனா, 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் தொடரில் ஏசிஎல் காயமடைந்தார். ஐந்தே மாதங்களில் உலகக் கோப்பைக்குத் திரும்பி, இங்கிலாந்துக்கு எதிராக 90, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 106 ரன்கள் எடுத்தார். பின்னர் அந்தத் தொடரில் அவரால் ஓர் அரை சதமும் எட்ட இயலவில்லை. விரைவான மறுவருகை என்று இந்த உதாரணத்தைக் காட்டுபவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீனாவின் சுன் யனானுக்கு எதிராக முழங்கால் காயமடைந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டு செல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றிலேயே அதே சுன் யனானை வீழ்த்தி, இறுதியில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2023 ஆகஸ்டில் இடது முழங்காலில் ஏசிஎல் காயம். அதே மாதம் 17-ஆம் தேதி மும்பையில் அறுவை சிகிச்சை. ஹாங்சோ ஆசிய விளையாட்டை இழந்த அவர், எட்டு மாதங்களில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அங்கே ஜப்பானின் யூய் சுசாகியை வென்று இறுதிச் சுற்றை எட்டியதையும், 100 கிராம் கூடுதல் எடையால் தகுதி நீக்கம் செய்யப்பட்டதையும் நாடறியும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரின் அனுபவம் வேறு. ரியோவில் 0.15 புள்ளிகளில் வெண்கலத்தைத் தவறவிட்ட அவருக்கு, 2017-இல் ஏசிஎல் காயம் ஏற்பட்டது. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பையில் வால்ட் பிரிவில் தங்கம் வென்று திரும்பினார். ஆனால் அடுத்த மாதமே ஜகார்த்தாவில் முழங்கால் தொல்லை மீண்டும் தலைதூக்கியது. டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. 2024-இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன் பட்டம் வென்ற அவர், அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

ரியோ இறுதியில் பி.வி. சிந்துவை வென்ற ஸ்பெயினின் கரோலினா மரின், 2019 ஜனவரியில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் இறுதிச் சுற்றில் சாய்னா நேவாலுக்கு எதிராக ஆடும்போது வலது முழங்காலில் ஏசிஎல் காயமடைந்தார். சாய்னா பட்டம் வென்றார். எட்டு மாதங்களில் திரும்பிய மரின் சீன ஓபனை வென்றார். 2021-இல் இடது முழங்கால். டோக்கியோ வாய்ப்பு போயிற்று. 2024 பாரிஸ் அரையிறுதியில் முதல் கேமை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மீண்டும் வலது முழங்கால். எதிர்த்து ஆடிய சீனாவின் ஹே பிங்ஜியாவ், பதக்க மேடையில் ஸ்பெயின் சின்னத்தைக் கையில் ஏந்தி நின்றார்.

பிரேசில் கால்பந்து வீரர் நெய்மர் 2023 அக்டோபரில் உருகுவேக்கு எதிராகக் காயமடைந்து, ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்து அல் ஹிலால் அணிக்காகக் களமிறங்கினார். திரும்பிய இரண்டாவது ஆட்டத்திலேயே தொடைப் பின்தசைக் காயம் அவரை வெளியேற்றியது. முழங்கால் தேறினாலும் ஓராண்டு போட்டியில்லாத உடல், போட்டியின் வேகத்துக்கு உடனே பழகாது. இதனால்தான் படிப்படியான வருகை வலியுறுத்தப்படுகிறது. வில்லியம்சன் உலகக் கோப்பையின் முதல் இரு ஆட்டங்களைத் தவிர்த்தார். அதற்கு முன் ஹைதராபாதில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் பேட்டிங் மட்டுமே செய்தார். 2022-இல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ரவீந்திர ஜடேஜா, 2023 ஜனவரியில் சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் ஆடி, 53 ரன்களுக்கு 7 விக்கெட் வீழ்த்திய பின்னரே நாகபுரி டெஸ்டில் இடம்பெற்றார்.

பெயர் தெரியாதவர்களின் நிலை

மேலே கூறப்பட்டோர் அனைவருக்கும் பின்னால் ஒரு வாரியமோ, கூட்டமைப்போ, அரசுத் திட்டமோ இருந்தது. பந்த் பெங்களூருவில் உள்ள தேசிய கிரிக்கெட் அகாதெமியில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றார். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளோருக்கான டாப்ஸ் திட்டத்தில் இருப்பவர்களின் சிகிச்சைச் செலவை மத்திய அரசு ஏற்கிறது. வறிய நிலையில் உள்ள வீரர்களுக்குப் பண்டிட் தீன்தயாள் உபாத்யாய தேசிய நல நிதியிலிருந்து உதவி கோர வழியுண்டு. ஆனால் மாவட்ட அளவிலும் கல்லூரி அளவிலும் ஆடும் இளைஞர்கள் பலருக்கு அறுவை சிகிச்சை வரை எப்படியோ வழி பிறக்கிறது. அதன் பின்னர் தேவைப்படும் ஒன்பது மாதப் பயிற்சிக்கு வழியில்லை. தையல் பிரித்த நாளோடு மருத்துவமனைத் தொடர்பு முடிந்துவிடுகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2022-இல் சென்னையில் நிகழ்ந்த துயரம் உணர்த்தியது. முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பின் இறுக்கமாகப் போடப்பட்ட கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, இளம் கால்பந்து வீராங்கனை ஒருவரின் கால் அகற்றப்பட்டது. பின்னர் அவர் உயிரிழந்தார். துறைரீதியான நடவடிக்கையும் காவல் துறை வழக்கும் தொடர்ந்தன. அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாள்களில் தாங்க முடியாத வலி, விரல்கள் மரத்துப்போதல், பாதம் குளிர்ந்து நிறம் மாறுதல், கெண்டைக்காலில் வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் விடியும் வரை காத்திராமல் உடனடியாக மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஊக்கமருந்து விதிகளும் கவனத்துக்குரியவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, ஊசி வழியாகச் செலுத்தப்படும் குளுக்கோகார்டிகாய்டு மருந்துகள் அனைத்தும் 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. மூட்டு வலிக்கு இந்த ஊசி போடுவது மருத்துவத்தில் சாதாரணம் என்பதால், அறியாமல் சிக்கிக்கொள்ள இடமுண்டு. மெலிந்த தசையை மீட்பதற்கென உடற்பயிற்சிக் கூடங்களில் கிடைக்கும் ஸ்டீராய்டுகளுக்கு எக்காலத்திலும் அனுமதி இல்லை. மருத்துவத் தேவை இருப்பின் முன்கூட்டியே சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு பெற வேண்டும்.

திரும்பிய பின்

மறுகாயங்களில் பெரும்பாலானவை களம் திரும்பிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்கின்றன. எனவே, முதல் போட்டியோடு பயிற்சி சிகிச்சையை நிறுத்துவது சரியன்று. தொடை வலிமைப் பயிற்சியும், சமநிலைப் பயிற்சியும், தரையிறங்கும் முறையைத் திருத்தும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு, மூன்று நாள்கள் தொடர வேண்டும். இவற்றை உள்ளடக்கி சர்வதேசக் கால்பந்து கூட்டமைப்பு உருவாக்கிய '11 பிளஸ்' என்ற ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சித் தொகுப்பு, இளம் வீராங்கனைகளிடம் காயங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2008-இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. அதற்குக் கருவிகள் தேவையில்லை. ஒரு பந்தும் 20 நிமிடங்களும் போதும். காயமே படாதவர்களும் இதைச் செய்யலாம் என்பதால், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் மாலைப் பயிற்சியின் தொடக்கத்தில் இதைச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை.